ஆறப்போடுகிற கல்லூரிகள்

நம்ம ஊரில் 'கம்யூனிட்டி' என்ற வார்த்தைக்கு நடைமுறையில் ஒரே அர்த்தம்தான். கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். 'கம்யூனிட்டி என்னப்பா?' என்று தாலுகா ஆபீசில் கேட்டால் 'நீ என்ன சாதி?' என்று பொருள். எனவே 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, காலனியிலிருந்து வருகிற பையன் 'இது நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா வச்ச காலேஜா?' என்று கேட்டால் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அவன் கேட்பது சரியான கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்குச் 'சமுதாயக் கல்லூரி' என்று பெயர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூவில் தோற்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றபின் படிக்க வருகிற பெண்கள் எல்லோருக்கும் கதவு திறந்து வைக்கிற குறுகியகாலக் கல்லூரி. இவற்றைப் பற்றிக் கல்வியாளர்கள் கூடிப் பேசும்போது தவறாமல் அடிபடுகிற சொற்கள் சில உண்டு: புதுமையான கற்பித்தல், மாணவர் பங்கேற்பு, செய்து கற்றல், குழு விவாதம், வாழ்க்கைத் திறன். ஆசிரியர் மேடையை விட்டு இறங்கி மாணவர்களோடு வட்டமாக உட்காருகிறார். பாட்டு உண்டு, நாடகம் உண்டு, களப்பயணம் உண்டு.

வட்டமாக உட்கார்ந்து படிப்பதற்கு நாம் எதிரிகள் அல்ல. கடைசி பெஞ்சுக்கும் பெஞ்சே இல்லாத தரைக்கும் தள்ளப்பட்ட சனங்கள் நாம். வட்டத்தின் அருமை நமக்குத் தெரியும். நாம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. வட்டமாக உட்கார்ந்து படித்து முடித்தவன் எழுந்து எங்கே போகிறான்? யார் எதைப் படிக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்று முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருக்கிற அதிகாரமும் கற்பித்தல் முறையின் ஒரு பகுதிதான். அந்த முடிவில் கை வைக்காத புதுமை, பழைய கள்ளுக்கு வாங்கிய புது மொந்தை.

இப்படிக் கூடுகிற கூட்டங்களில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயரும் தவறாமல் வரும். ஆசிரியர் போடுகிற பணத்தை மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிற வங்கிமுறைக் கல்வியை அவர் சாடினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் 1963இல் வடகிழக்கு பிரேசிலில் ஆங்கிகோஸ் என்ற ஊரில் அவர் உழைக்கும் மக்களுக்கு எழுத்தறிவு கொடுத்தபோது, அந்த நாட்டில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. நாற்பது மணி நேர வகுப்பின் முடிவில் எழுத்தோடு சேர்த்து ஓட்டும் கைக்கு வந்தது. அதனால்தான் 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் போட்டது. வெறும் கற்பித்தல் உத்திக்காக எந்த ராணுவமும் யாரையும் உள்ளே தள்ளாது. நம்மவர்கள் அந்த வகுப்பின் உத்தியை எடுத்துக்கொண்டார்கள். அதன் கடைசியில் இருந்த ஓட்டை மறந்துவிட்டார்கள்.

1

இந்தக் கல்லூரி வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அது நூறாண்டுகளுக்கு மேல் பழசு. அதன் நல்லது கெட்டது இரண்டையும் அங்கே பார்த்துவிட்டு நம்ம ஊருக்குத் திரும்புவோம்.

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் முதல் அரசு ஜூனியர் கல்லூரி தொடங்கியது. அதற்கு யோசனை சொன்னவர் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். கல்லூரியின் முதலிரண்டு வருசப் படிப்பை வெளியே தள்ளிவிட்டால் பல்கலைக்கழகம் மேல்படிப்பையும் ஆராய்ச்சியையும் நிம்மதியாகக் கவனிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஆக பிறக்கும்போதே இந்தக் கல்லூரிக்கு இரண்டு முகம். ஏழைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி என்பது ஒரு முகம். கூட்டம் பெரிய வீட்டுக்குள் வராமல் திண்ணையிலேயே நிறுத்திவைப்பது இன்னொரு முகம். 1947இல் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் நாடு முழுக்க இப்படிப்பட்ட கல்லூரிகளைத் திறக்கச் சொன்னது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவலானதும் அதற்குப் பிறகுதான்.

1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த ஒரு ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார. அதில் அவர் கையாண்ட கருத்து எர்விங் காஃப்மன் 1952இல் எழுதியதிலிருந்து எடுத்தது. சூதாட்ட மோசடிக் கும்பல் ஒருவனிடம் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடும்போது, கும்பலில் ஒருத்தன் மட்டும் ஏமாந்தவன் பக்கத்திலேயே இருப்பான். 'விடுப்பா, போனது போகட்டும், நல்லவேளை இதோட போச்சு' என்று ஆறுதல் சொல்லி அவன் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வான். நம்ம பேச்சில் சொன்னால் ஆறப்போடுதல். சூடு தணிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது.

கிளார்க் சொன்னது இதுதான்: எல்லோருக்கும் உயர்கல்வி உண்டு என்று அந்தச் சமூகம் வாக்குக் கொடுக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இடம் வைத்திருக்கவில்லை. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் கலகம் வரும். எனவே உள்ளே விட்டு, தகுதித் தேர்வு வைத்து, 'நீ கொஞ்சம் பலவீனம்' என்று சொல்லி, அடிப்படைப் பாட வகுப்பில் உட்கார வைத்து, ஆலோசகரைக் கொண்டு திரும்பத் திரும்பப் பேச வைத்து, கடைசியில் அவனே 'எனக்கு டிகிரி சரிப்படாது, ஏதாவது தொழில் கத்துக்கிறேன்' என்று சொல்லும்படி செய்வது. தோல்விக்குக் காரணம் அமைப்பு என்று அவனுக்குத் தோன்றாது. தன்னைத்தானே நொந்துகொள்வான். அவன் ஆலோசகருக்கு நன்றிகூடச் சொல்வான்.

தோழர்களே, இதைப் படிக்கும்போது நமக்கு அமெரிக்காவா நினைவுக்கு வருகிறது? 'உனக்கு எதுக்குடா கணக்கு, ஐ.டி.ஐ. போ' என்று அன்போடு சொன்ன வாத்தியார் நினைவுக்கு வரவில்லையா? அடித்து விரட்டிய வாத்தியாரைவிட இந்த அன்பான வாத்தியார் நம்மிடமிருந்து பறித்தது அதிகம்.

2

ஆறப்போடுகிற எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் வெகுகாலமாக ஒரு நடைமுறை இருந்தது. சேரும்போது ஒரு தேர்வு. அதில் மார்க் குறைந்தால் நேரே பட்டப்படிப்புப் பாடத்துக்குப் போக முடியாது. அதற்குக் கீழே ஒரு படி, இரண்டு படி, சில சமயம் மூன்று படி அடிப்படை வகுப்புகள். பணம் கட்ட வேண்டும், நேரம் செலவாகும், ஆனால் பட்டத்துக்கு அந்த மார்க் சேராது.

100 பேர் மூன்று படி கீழே தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் 70 விழுக்காட்டினர் தேறுகிறார்கள் என்றும் வையுங்கள். எழுபது நல்ல விழுக்காடுதான். முதல் படியில் 70 பேர் மிஞ்சுவார்கள். இரண்டாவதில் 49. மூன்றாவதில் 34. பட்டப்படிப்புக் கணக்கை முடிக்கும்போது 24 பேர். ஒவ்வொரு வாத்தியாரும் தன் வகுப்பில் எழுபது பேரைத் தேற்றிவிட்டதாகப் பெருமைப்படலாம். நூறில் எழுபத்தாறு பேர் காணாமல் போனதற்கு ஒருத்தரும் பொறுப்பில்லை. அதிலும் ஒரு படி தேறியவர் அடுத்த படிக்குப் பணம் கட்டாமல் நின்றுவிடுவதை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கீழ்ப்படிகளில் நிறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான்.

காட்டி ஹெர்ன், மைரா ஸ்னெல் என்ற இரண்டு சமுதாயக் கல்லூரி ஆசிரியைகள் இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியா முழுக்கச் சுற்றினார்கள். ஒருவர் இங்கிலீசு, மற்றவர் கணக்கு. அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது: படிகளை எடுத்துவிடு. நேரே பட்டப்படிப்புப் பாடத்தில் உட்கார வை. தேவையான உதவியை அதே பாடத்தோடு சேர்த்து, அதே பருவத்தில் கொடு. 2017இல் கலிபோர்னியா இதைச் சட்டமாக்கியது. ஒற்றை நுழைவுத் தேர்வை வைத்து மாணவரைக் கீழ் வகுப்புக்குத் தள்ளக்கூடாது, பள்ளியில் அவர் வாங்கிய மார்க்கைப் பார்க்க வேண்டும், ஒரு வருசத்துக்குள் பட்டப்படிப்புப் பாடத்தை முடிக்கிற வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2019இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், முதல் வருசத்திலேயே அந்தப் பாடங்களை முடித்தவர்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. நிற இடைவெளி அதோடு ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'இவங்களுக்கு அடிப்படையே இல்ல, எடுத்த உடனே மேல கொண்டுபோனா தாங்க மாட்டாங்க' என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லிவந்த பொய் அம்பலமானது. தாங்கினார்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகள் 2007இல் வேறு ஒன்றைச் செய்துபார்த்தன. ஏ.எஸ்.ஏ.பி. என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். அதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. உதவித்தொகை போக மிச்சக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பாடப்புத்தகத்துக்கு உதவினார்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பாஸ் கொடுத்தார்கள். எந்நேரமும் போய்ப் பார்க்கிற மாதிரி ஓர் ஆலோசகரை வைத்தார்கள். ஆறப்போடுகிறவரை அல்ல, ஆறவிடாமல் பார்த்துக்கொள்கிறவரை. முழுநேரமும் படிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2015இல் வெளியான மதிப்பீட்டில், மூன்று வருசத்தில் பட்டயம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 விழுக்காடு. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஏழை மாணவர்கள், அடிப்படை வகுப்பு தேவை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடியது. ஆனால் ஒருவரைப் படித்து முடிக்க வைக்க ஆன செலவு குறைந்தது.

பஸ் பாஸ் ஒரு கற்பித்தல் முறை என்று எந்தக் கல்வியியல் புத்தகத்திலும் எழுதியிருக்காது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் படிப்பை விட்ட நம்ம பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

3

இதெல்லாம் மேலிருந்து யாரோ மனசு இரங்கிக் கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரில் மெரிட் கல்லூரி என்று ஒரு சமுதாயக் கல்லூரி. ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். கறுப்பின வரலாற்றைப் பாடமாக வை என்று அந்தக் கல்லூரியில் போராடிய கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். 1966 அக்டோபரில் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். நம் சுவர்களில் இன்று பாய்கிற சிறுத்தையின் கால்தடத்தைத் தேடிக்கொண்டு போனால், அதில் ஒன்று இரண்டு வருசக் கல்லூரி ஒன்றின் வாசலில் போய் நிற்கும். ஆறப்போடுவதற்குக் கட்டிய இடத்தில் கொதிக்கவும் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நியூயார்க்கில் 1969 ஏப்ரலில் ஹார்லெமில் இருக்கிற சிட்டி காலேஜை கறுப்பின, புவர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் மூடினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து அது நடந்துபோகிற தூரம்தான். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1970இல் நகரத்தில் பள்ளி முடித்த அத்தனை பேருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு கல்லூரியில் இடம் உண்டு என்ற நிலை வந்தது.

உடனே 'தரம் போச்சு' என்று கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே மினா ஷானெசி என்ற ஆசிரியை ஒரு காரியம் செய்தார். புதிதாக வந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4000 கட்டுரைகளை எடுத்து, அவற்றிலுள்ள பிழைகளைப் படித்தார். திருத்துவதற்காக அல்ல, புரிந்துகொள்வதற்காக. பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது, எழுதியவர் முட்டாள் அல்ல, எழுத்து மொழியின் விதிகளை யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை, அதனால் தானே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டு எழுதுகிறார் என்று 1977இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். புதுமையான கற்பித்தல் என்றால் இதைச் சொல்லலாம். மாணவரைத் திருத்துவதற்கு முன்னால் ஆசிரியர் மாணவரிடம் பாடம் படிக்கிறார். 'வந்துச்சு' என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'சேரி பாஷை' என்று வகுப்பே சிரிக்க வைத்த நம்மூர்த் தமிழாசிரியர்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாஷையில்தான் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்து தமிழ் இலக்கியத்தின் முகத்தைப் பார்த்துப் பேசியது.

தெற்கு பிராங்ஸ் பகுதி மக்களின் கோரிக்கையால் 1968இல் உருவானது ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி. புவர்ட்டோ ரிக்கோவின் கல்வியாளர் ஹோஸ்டோஸின் பெயர் அதற்கு. பழைய டயர் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் 1970இல் வகுப்புகள் தொடங்கின. ஸ்பானிஷ் மொழியில் பாடம் படித்துக்கொண்டே இங்கிலீசு கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் முறை. இங்கிலீசு வருகிற வரைக்கும் அறிவைக் காக்கவைக்க வேண்டியதில்லை. 1976இல் நகரத்துக்குப் பணமுடை வந்ததும் முதலில் கைவைக்கப் பார்த்தது இதில்தான். இன்னொரு கல்லூரியோடு இணைத்து இதை இல்லாமல் பண்ணத் தீர்மானம் வந்தது. மாணவரும் ஆசிரியரும் அக்கம்பக்கத்து மக்களும் கல்லூரியைக் கைப்பற்றி இருபது நாள் உள்ளே இருந்தார்கள். கல்லூரி பிழைத்தது; இன்றும் நடக்கிறது. அதே 1976இல்தான் நகரப் பல்கலைக்கழகத்தில் 1847 முதல் இருந்துவந்த இலவசப் படிப்பு ஒழிக்கப்பட்டது. கறுப்பினத்தவரும் புவர்ட்டோ ரிக்கோ மக்களும் பெருந்திரளாக உள்ளே வந்து ஆறு வருசம்தான் ஆகியிருந்தது. நாம் பந்தியில் உட்காரும்போது மட்டும் சோறு தீர்ந்துபோவது எல்லா ஊரிலும் வழக்கம் போலிருக்கிறது.

4

அமெரிக்காவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் இங்கே வருவதற்கு வெகுமுன்பே, சமூகத்தின் கல்லூரி என்று சொல்லத்தக்கவற்றை நம்மவர் கட்டியிருக்கிறார்கள். 1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் கல்விக்கழகத்தைத் தொடங்கினார். நந்தனை உள்ளே விடாத ஊரிலேயே நந்தன் பெயரில் பள்ளி.

1945இல் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி வந்தது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலை நேரத்தில் வகுப்புகளை வைத்தது. 1950இல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. நிஜாம் ஆட்சியில் கல்வி எட்டிப்பார்க்காத மராத்வாடாவில், கிராமத்துப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்க விடுதியோடு எழுந்தது. அதற்கு அண்ணல் வைத்த பெயர் மிலிந்த். பௌத்தத் துறவி நாகசேனரிடம் ஓயாமல் கேள்வி கேட்ட அரசனின் பெயர். ஒரு கல்லூரிக்குப் பதில் சொன்னவரின் பெயரை வைக்காமல் கேள்வி கேட்டவரின் பெயரை வைத்ததிலேயே ஒரு கற்பித்தல் கோட்பாடு இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் என்ன நடந்தது? அதன் முதல்வர் ம.பி. சிட்னிஸ் எழுதிய 'யுகயாத்ரா' நாடகத்தை மாணவர்கள் நடித்தார்கள். அங்கே ஆசிரியராயிருந்த கங்காதர் பான்தாவணே 1960களின் இறுதியில் தொடங்கிய இதழ் 'அஸ்மிதாதர்ஷ்' என்ற பெயரில் மராத்தி தலித் எழுத்தாளர்கள் பல தலைமுறையினருக்கு மேடையானது. நாடகம், இதழ், விவாதம், விடுதி எல்லாம் அங்கேயும் இருந்தன. இன்றைக்கு 'மாணவர் பங்கேற்பு' என்கிறார்களே, அதுதான். வித்தியாசம் எங்கே என்றால், அதற்குக் குறைந்த எதையும் அண்ணல் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. கலையும் அறிவியலும் பட்டப்படிப்பும் முழுசாகக் கொடுத்தார். தச்சுவேலையும் தையலும் போதும் என்று அவர் சொல்லவில்லை. தீண்டப்படாதவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும், அதிகாரத்தின் முக்கியமான இடங்களைப் பிடிக்க அதுதான் வழி என்பது அவருடைய அரசியல்.

5

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலைக் கத்தோலிக்க உயர்மறை மாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸின் முயற்சியில் தமிழகத்திலும் வெளியிலும் இவை பெருகின. 2009இல் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், அதன்பின் யூ.ஜி.சி.யும் இதற்கெனத் திட்டங்கள் கொண்டுவந்தன.

நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும். மார்க்கைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் குப்பை என்று வெளியே கொட்டிய பிள்ளைகளை மரியாதையோடு உட்கார வைத்தார்கள். படிப்போடு பட்டறையிலும் ஆஸ்பத்திரியிலும் பயிற்சி கொடுத்தார்கள். கையில் ஒரு வேலையோடு வெளியே வந்த பெண்கள் பலர். அதைக் கேலி பண்ணுகிற உரிமை நமக்கில்லை.

ஆனால் பாடங்களின் பட்டியலைப் பாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், சமையல் உதவியாளர், தையல், ஏ.சி. மெக்கானிக், வண்டி மெக்கானிக், டி.டி.பி., மழலையர் பள்ளி ஆசிரியை. 'உதவியாளர்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். டாக்டருக்கு உதவியாளர், சமையல்காரருக்கு உதவியாளர். தொழில் ஒன்றும் கேவலமில்லை தோழர்களே; ஊரின் எல்லாத் தொழிலையும் செய்து பார்த்த சனம் நாம். அதையே கடைசிப் படியாக வைத்து மேலே சுவர் எழுப்புவதைத்தான் கேட்கிறோம். உதவியாளர் நர்ஸாக முடியுமா? மெக்கானிக் இன்ஜினியராக முடியுமா? எந்தப் பல்கலைக்கழகம் இந்த ஒரு வருசப் பட்டயத்தைக் கணக்கில் எடுத்து நேரே சேர்த்துக்கொள்ளும்?

அமெரிக்காவில் ஆறப்போடுகிற கல்லூரியிலும்கூட மாற்றல் என்று ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு வருசம் படித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருசத்தில் போய் உட்காரலாம். இங்கே வடிவத்தை இறக்குமதி பண்ணும்போது அந்த வாசலைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மேலே ஏறலாம் என்று சிலர் வழி சொன்னார்கள். 2009இல் தமிழக அரசு போட்ட ஆணை, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று வகுத்தது. பிளஸ் டூவைத் தாண்ட முடியாமல்தானே அவன் இங்கே வந்தான்? ஏணியைக் காட்டி ஏறச் சொல்லிவிட்டு, ஏறி முடித்தவனிடம் 'இது செல்லாத ஏணி' என்பதற்கு என்ன பெயர்?

'வாழ்க்கைத் திறன்' என்று ஒரு பாடம் இந்தக் கல்லூரிகளில் முக்கியமானது. நேரத்துக்கு வருவது, உடுத்துவது, பேசுவது, தன்னம்பிக்கை. நேர்முகத் தேர்வில் வாயடைத்துப் போகிற பிள்ளைக்கு இங்கிலீசும் பேச்சும் தேவைதான். ஆனால் குறைந்தபட்சக் கூலி என்ன, முதலாளி சாதி சொல்லித் திட்டினால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி எங்கே புகார் கொடுப்பது, சங்கம் வைப்பது எப்படி, வாடகைக்கு வீடு கேட்கிறபோது 'நீங்க என்ன ஆளுங்க?' என்பவனிடம் என்ன பதில் சொல்வது? இவையும் வாழ்க்கைத் திறன்தான். எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? முதலாளிக்குத் தேவையான திறன் மட்டும் வாழ்க்கைத் திறனாகிவிடுகிறது.

'குலக்கல்வி' என்ற சொல்லைக் கேட்டால் சிலருக்கு அலுப்பாக இருக்கலாம். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். எதிர்ப்பில் அவர் பதவி விலகி, காமராசர் முதல்வராக வந்து 1954இல் அது ஒழிந்தது. இன்று யாரும் அப்பன் தொழில் என்று நேராகச் சொல்வதில்லை. 'திறன்' என்கிறார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஒரு வருசம் படித்து நின்றால் சான்றிதழ், இரண்டு வருசத்தில் பட்டயம், மூன்றில் பட்டம் என்று வெளியேறும் வாசல்களை வரிசையாக வைத்திருக்கிறது. முதல் வாசலில் வெளியே போகப்போவது யார்? பணக்கார வீட்டுப் பிள்ளையா? கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை, மாதவிடாய்க்கு ஒதுங்க இடமில்லாத விடுதியில் கிடக்கிற பிள்ளை, அம்மா கூலிக்குப் போய்ப் படிக்க வைக்கிற பிள்ளை. முன்பு படிப்பை விட்டால் 'இடைநிற்றல்' என்று கணக்கில் வரும், சட்டசபையில் கேள்வி வரும். இனி கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். இடைநிற்றல் கணக்கில் வராது. கிளார்க் 1960இல் எழுதியது கல்லூரிக்குள் ஓசையில்லாமல் நடந்த வேலை. இங்கே அதையே கொள்கையாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

6

'வயிறு காயுது, நீங்க டிகிரி பத்திப் பேசுறீங்களே?' என்று நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறு மாசத்தில் ஒரு சம்பளம் கைக்கு வருவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியாமல் பேசவில்லை. சம்பளமும் வேண்டும், ஏணியும் வேண்டும் என்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மேல்சாதிப் பிள்ளைக்கு இல்லை. நமக்கு மட்டும் ஏன்? இன்றைக்குச் சோறு போடுகிற தொழிலும், நாளைக்கு அதே படிப்பைக் கணக்கில் எடுத்து மேலே சேர்த்துக்கொள்கிற பட்டமும் ஒரே கல்லூரியில் இருக்க முடியாது என்று எந்த விதியும் இல்லை.

மாணவத் தோழர்களும் இயக்கத் தோழர்களும் அடுத்த சேர்க்கைக் காலத்தில் உங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். சண்டை போட வேண்டாம். ஐந்து கேள்வி கேளுங்கள்.

இங்கே முடித்தவர் எந்தப் பட்டப்படிப்பில், எத்தனையாவது வருசத்தில் சேரலாம்? எந்தப் பல்கலைக்கழகம் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது?

கடந்த ஐந்து வருசத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், இப்போது என்ன சம்பளத்தில் எங்கே இருக்கிறார்கள்? சாதிவாரியாக, ஆண் பெண் வாரியாகக் கணக்கு உண்டா?

ஆசிரியர்களில் தலித்துகள் எத்தனை பேர்? நிரந்தரமா, தொகுப்பூதியமா? ஆசிரியரே அடுத்த மாசம் இருப்பாரா என்று தெரியாத இடத்தில் எந்தப் புதுமை வேர்விடும்?

பஸ், மதியச் சாப்பாடு, புத்தகம், கைக்குழந்தையோடு வருகிற பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?

பாடத்தில் நம் வரலாறும் நமக்கான சட்டங்களும் இருக்கின்றனவா? பாடத்தைத் தீர்மானிக்கிற குழுவில் இங்கே படித்து முடித்தவர் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா?

பதில் சொல்கிற கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்வோம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெம்பு கொடுக்கவும் நாம்தான் போக வேண்டும். பட்டயத்தைப் பட்டப்படிப்போடு இணைக்கிற ஆணையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து வாங்குவது தனித்தனிக் கல்லூரியால் முடியாத காரியம். அதற்கு இயக்கங்கள் சேர்ந்து அரசிடம்தான் மோத வேண்டும். பதில் சொல்லாத கல்லூரியின் வாசலில் இந்த ஐந்து கேள்வியையும் நோட்டீசாக அடித்து, சேர வருகிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுப்போம். சேர வேண்டாம் என்று தடுக்க வேண்டாம். கேட்டுவிட்டுச் சேரட்டும். உள்ளே போனபிறகும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். மிலிந்தனும் அதைத்தானே செய்தான்.